மூன்றாந் தரத்து இலக்கியம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இந்தத் தொடரில் கவிஞர்களைப் பற்றியும் நாவலாசிரியர்களைப் பற்றியும் அறிஞர்கள் பலர் பேசியிருக்கின்றார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது எட்டு வயதுப் பிள்ளைகளின் எழுத்தை. இலக்கிய நிகழ்ச்சிக்குள் ஆரம்ப வகுப்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நான் ஓர் இந்துக் கல்லூரியில் ஆறாந் தரம் முதல் உயர்தரம் வரை தமிழ் கற்பிப்பவன். ஆரம்பப் பிரிவு எனது எல்லைக்குள் வருவதில்லை. ஆயினும் அங்கே விதைப்பது எதுவோ அதுதான் என் வகுப்பில் வந்து விளைகின்றது. விளையாமற் போவதும் அங்கே தொடங்கியதுதான்.

ஆண்டுத் தொடக்கத்திலே புதிதாக வந்த ஆறாந் தரத்துப் பிள்ளைகளிடம் ‘எனது வீடு’ என்று எழுதச் சொல்வது என் வழக்கம். நாற்பது கொப்பிகளையும் ஒருசேர வைத்துப் படித்தால் நாற்பது பேரும் ஒரே வீட்டிலே குடியிருப்பதாகத் தோன்றும். வீடு கிழக்கு நோக்கியிருக்கும். முன்னே பூந்தோட்டம், பின்னே கிணறு, பக்கத்திலே மாமரம். மாமரத்திலே கிளியும் இருக்கும். எழுதியவர்களிலே சிலர் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலிருந்து வருகின்றவர்கள். தண்ணீருக்குப் பீலியிலே வரிசையில் நிற்பவர்கள். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. கட்டுரைக் கோவையில் உள்ளதை மனனம் செய்து எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஐந்து வருடப் படிப்பிலே அது ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது: தன் வீடு எழுதுவதற்கு ஏற்றதல்ல என்பதை. எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். இதைத் திருத்துவதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த மாணவி ஒருவர், இப்போது குண்டசாலைப் பக்கத்திலே ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையில் மூன்றாந் தரத்துக்குக் கற்பிக்கின்றார். ஒருநாள் கண்டி பஸ் தரிப்பிடத்திலே என்னைக் கண்டவர், “சேர், ஒருநாள் எங்க வகுப்புக்கு வந்து பாருங்க” என்றார். ஒருநாள் போனவன் அந்தத் தவணை முழுவதும், எனக்குப் பாடம் குறைந்த புதன்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன்.

குண்டசாலையை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டியிலிருந்து திகனை நோக்கிச் செல்லும் பாதையில், மகாவலிக் கரையோரமாக உள்ள ஊர். பொல்கொல்லை அணைக்கும் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கும் இடைப்பட்டது. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கேதான் மாளிகை அமைத்து வாழ்ந்தான். மதுரையிலிருந்து பெண்ணெடுத்தவன் அவன். அவனுக்குப் பின் அரியணை ஏறியவன் அந்த நாயக்க அரசியின் சகோதரன். ஆக, தமிழ் இந்த மண்ணுக்குத் தேயிலையோடு வந்த மொழியென்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்து நினைக்க வேண்டும். அது போகட்டும். இன்று அந்த வகுப்பிலிருக்கும் முப்பத்தொரு பிள்ளைகளில் பெரும்பாலானோரின் பாட்டன்மார் மேலேயுள்ள தோட்டங்களில் இருந்தவர்கள். தகப்பன்மார் பல்லேகலைக் கைத்தொழிற் பேட்டையிலும் கடைகளிலும் மேசன் வேலைகளிலும் இருக்கின்றார்கள். சில தாய்மார் இன்னமும் கொழுந்துக்குப் போகின்றார்கள்.

வகுப்பறையென்று தனியாக ஒன்றில்லை. நீண்ட மண்டபத்தைத் தட்டி வைத்து மறைத்திருக்கிறது. நாற்பதைத் தாண்டிய எனக்குப் பாயிலே சம்மணம் கொட்டி உட்கார்வது சிரமமாக இருந்ததால் பிள்ளைகள் தங்கள் குட்டிக் கதிரையொன்றைத் தந்தார்கள். அதில் உட்கார்ந்தபோது தட்டிக்கு அப்பாலிருந்து ஐந்தாந் தரத்தின் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டேயிருந்தது.

காலையில் முதல் வேலை சொல் கேட்பது. ஆசிரியை ஒரு பிஸ்கட் டின்னும், வெட்டிய கடதாசி மட்டைகளும் வைத்திருப்பார். ஒவ்வொரு பிள்ளையாக வந்து தனக்கு வேண்டிய ஒரு சொல்லைக் கேட்கும். அவர் அதைப் பெரிதாக எழுதிக் கொடுப்பார். பிள்ளை அதை வாசித்து, விரலால் எழுத்தின் மேலே ஓட்டி, தன் கொப்பியில் எழுதி, டின்னுக்குள் போடும். மறுநாள் டின்னைக் கவிழ்த்தால் ஆளுக்காள் தன் சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். அடையாளம் தெரியாமற் போன சொல் தூக்கி வீசப்படும். அது அந்தப் பிள்ளைக்கு வேண்டாத சொல்.

முதல் நாள் நான் கண்ட வேடிக்கையொன்று. ஒரு பையன் வந்து “அட்டை” என்றான். “அட்டைதான் தர்றேன், என்ன சொல் வேணும்?” என்று கேட்டார் ஆசிரியை. “அதான் டீச்சர், அட்டை” என்று சொல்லிவிட்டுக் காற்சட்டையைச் சற்று உயர்த்திக் கெண்டைக்காலைக் காட்டினான். இரத்தம் இன்னமும் காயவில்லை. மழைக்காலத்துக் குறுக்குப் பாதையில் வந்திருக்கிறான். வகுப்பே சிரித்தது. அன்று அட்டையிலே ‘அட்டை’ என்று எழுதப்பட்டது. ஒரு சொல்லுக்கு இரு பொருள் வரும் என்பதை நான் பத்தாந் தரத்திலே சிலேடை என்று பெயர் சொல்லி ஒரு பாடவேளை முழுதும் விளக்குவேன். அந்தப் பையன் அதைக் காலிலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

இன்னொரு சிறுமி கேட்டது ‘மல்லி’. கடைக்குப் போய் மல்லி வாங்கி வந்தாயோ என்று விசாரித்தால், இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை தன் தம்பியை மல்லி என்றுதான் கூப்பிடுகிறதாம், தானும் தன் தம்பியை அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். ஆசிரியை மட்டையின் ஒரு பக்கத்திலே கொத்தமல்லியை வரையச் சொன்னார், மறு பக்கத்திலே தம்பியை. இரண்டு மொழிகளுக்கிடையே வாழும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அகராதி அமையாது.

இந்த முறை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பல்ல, அவரும் அப்படிச் சொல்லவில்லை. நியூசிலாந்திலே மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வோணர் என்ற ஆசிரியை 1963இல் வெளியிட்ட நூலிலே இதனை விரிவாக எழுதியிருக்கின்றார். அந்தப் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து வந்த வாசிப்பு நூல்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றிலே ஒழுங்கான வீடு, ஒழுங்கான தோட்டம், ஒருவரையொருவர் வா என்றும் பார் என்றும் அழைக்கும் சுத்தமான பிள்ளைகள். மாவோரிப் பிள்ளைக்கு அது ஏறவில்லை. மாதக்கணக்காக ஓரெழுத்தும் படியாத பிள்ளை, தான் அஞ்சுகின்ற பேயின் பெயரை எழுதிக் கொடுத்தால் ஒரே பார்வையிலே படித்துவிட்டது. அச்சமும் அன்பும் ஊறிய சொற்கள்தாம் முதலிலே படிக்கத்தக்கவை என்பது அந்த அம்மையாரின் முடிவு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வேறு பலரும் இப்படிச் சிந்தித்திருக்கின்றார்கள். எனக்கு இவரைக் குறிப்பிடத் தோன்றியதற்குக் காரணம், வந்தேறிய புத்தகத்துக்கும் வாழ்கின்ற பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் அளந்து காட்டியதுதான்.

அந்தத் தூரம் தமிழுக்குள்ளேயும் உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஈழத்துக் குழந்தைப் பாடலின் தந்தையெனத் தக்கவர். ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடியபோது யாழ்ப்பாணத்து முற்றத்தையே பாட்டுக்குள் கொண்டுவந்தார். அதனாலேயே அவை இன்றும் வாழ்கின்றன. ஆனால் குண்டசாலைப் பிள்ளைக்கு ஆடிக்கூழ் என்பது பாடப்புத்தகத்திலே மட்டும் உள்ள கூழ். அந்தப் பாடலை நிறுத்த வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. புலவர் தன் முற்றத்துக்குச் செய்ததை இந்த முற்றத்துக்கு யார் செய்வது என்றுதான் கேட்கிறேன். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்துவைத்தார். அவற்றிலே தாலாட்டும் உண்டு. அவை நம் ஆரம்ப வகுப்புகளுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதை ஆசிரிய நண்பர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

பெரட்டு, கவ்வாத்து, கொழுந்து, காம்பரா, இஸ்டோர், புள்ளக்காம்பரா. இவையெல்லாம் அந்த டின்னுக்குள் விழுந்த சொற்கள். தோட்டத்தை விட்டு இறங்கி வந்து இரண்டு தலைமுறையான குடும்பங்களிலும் பாட்டிமார் வாயிலாக அவை வாழ்கின்றன.

சொல்லிலிருந்து வாக்கியம். ஒரு சிறுமி இப்படிச் சொன்னாள்: “எங்கம்மா வெரல்ல கொழுந்துக் கறை இருக்கு. சோறு பெசையிறப்பவும் போகாது.” ஆசிரியை அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். என் கை வெண்கட்டியை நோக்கிப் போனதை அவர் கண்டிருக்க வேண்டும். “கொஞ்சம் பொறுங்க சேர்” என்றார். முதலில் எல்லோரும் அதை வாசித்தார்கள். பிறகு அவர் பக்கத்திலே இன்னொரு வரி எழுதினார்: ‘என் அம்மாவின் விரலில் கொழுந்துக் கறை இருக்கிறது. சோறு பிசையும்போதும் அது போவதில்லை.’ “இது புத்தகம் பேசுற மாதிரி. அது நீங்க பேசுற மாதிரி. என்னென்ன மாறியிருக்கு?” என்று கேட்டார். வெரலு விரலாகியிருக்கிறது, பெசையிறது பிசைகிறதாகியிருக்கிறது என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். ஒருவன் மட்டும் “கறை மாறல டீச்சர்” என்றான்.

மரபுவழித் தமிழ் படித்த எனக்கு இந்த விடயத்திலே உறுதியான கருத்துண்டு. எழுத்துத் தமிழ் பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். ல, ள, ழ வேறுபாடும் வேண்டும். பேச்சை எழுதினாலே போதும் என்போருடன் நான் ஒத்துப்போவதில்லை. ஆனால் எது முதல், எது பின் என்பதிலே இருக்கிறது காரியம். பிள்ளை வாயைத் திறக்கும்போதே சிவப்புப் பேனையைத் திறந்தால் அது வாயை மூடிக்கொள்ளும். பிறகு பேசுவது கட்டுரைக் கோவையாகத்தான் இருக்கும்.

தோல்ஸ்தோய் 1862இல் எழுதிய ஒரு கட்டுரையின் பெயரே வேடிக்கையானது. குடியானவப் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்று கேட்கிறது அது. தன் ஊரான யாஸ்னயா பொல்யானாவில் நடத்திய பள்ளியிலே ஒரு பழமொழியைக் கொடுத்துக் கதை எழுதச் சொல்கின்றார். பிள்ளைகள் தயங்கவே தானே எழுதத் தொடங்குகின்றார். சற்று நேரத்திலே பிள்ளைகள் அவர் கதிரையைச் சூழ்ந்துகொண்டு, அது அப்படியல்ல, இது இப்படி என்று திருத்துகின்றார்கள். கதையிலே ஓர் அயலவன் அவசரத்தில் ஒரு பெண்ணின் கம்பளி மேலங்கியை மாட்டிக்கொண்டு வரட்டும் என்று ஒரு சிறுவன் சொன்னான். ஏன் பெண்ணின் அங்கி என்று அந்த மேதைக்கு முதலிலே விளங்கவில்லை. பிறகுதான் அந்த ஒரு குறிப்பிலே மனிதன் முழுவதுமாக எழுந்து நிற்பதைக் கண்டார். அந்தக் கையெழுத்துப் பிரதியை மற்றப் பிள்ளைகள் தெரியாமற் கிழித்துக் கடதாசி விளையாட்டுச் சாமான் செய்துவிட்டதும், அவர் துயரப்பட்டதும், அதைக் கண்டு சிறுவர்கள் மீண்டும் எழுதிக் கொடுத்ததும் தனிக் கதை. வகுப்பறை என்றால் அப்படித்தான். அருமையான பிரதி ஒரு பக்கம், கடதாசிக் கப்பல் இன்னொரு பக்கம்.

கைவேலையையும் சொல்ல வேண்டும். குண்டசாலைக்கு அயலிலே ஹேனவல என்ற கிராமம் உண்டு. தும்பறைப் பாய் எனப் பெயர்பெற்ற நெசவு அங்கே நடக்கிறது. ஹண எனப்படும் செடியின் நாரைச் சாயமூட்டிக் கைத்தறியிலே நெய்வார்கள்; 2021இல் யுனெஸ்கோ அந்தக் கைத்திறனை மானிட மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. ஆசிரியை அப்படியான சிறிய நெசவுத் துண்டொன்றைக் கொண்டுவந்து நடுவிலே வைத்தார். பிள்ளைகள் முதலில் தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்தும் பார்த்தார்கள். பின்னர் சதுரக் கொப்பியிலே கட்டங்களை நிரப்பி ஆளுக்கொரு கோலம். ஒரு பையன் யானை செய்தான். கட்டம் போதாமல் தும்பிக்கையை மடித்தான். வாலுக்கு இடமில்லாதபோது, “யானை திரும்பி நிக்குது” என்றான்.

அத்தோடு விட்டிருந்தால் அது சித்திர வேலை. அவர் இருவர் இருவராக முதுகோடு முதுகு சாய்த்து உட்காரவைத்தார். ஒரு பிள்ளை தன் கோலத்தைக் காட்டாமல் சொல்லாலேயே சொல்ல வேண்டும், மற்றது கேட்டு நிரப்ப வேண்டும். “மேல” என்றால் எந்த மேல்? “பக்கத்துல” என்றால் எந்தப் பக்கம்? சண்டை வந்தது. பத்து நிமிடத்துக்குள் ‘இரண்டாவது வரிசை’, ‘இடப்பக்கம்’, ‘ஒன்று விட்டு ஒன்று’, ‘மூலை’ எல்லாம் பிள்ளைகளுக்குத் தேவையாகிவிட்டன. தேவையானபின் கொடுக்கப்பட்ட சொல் மறக்காது. கணிதமும் தமிழும் எங்கே பிரிகின்றன என்று அங்கே கோடு கிழிக்க முடியவில்லை.

இதெல்லாம் விதிக்குப் புறம்பான காரியமுமல்ல. 1998இல் கம்பஹாவிலே பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடெங்கும் முதலாந் தரத்திலே தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்றையும் கலந்து கற்பிக்கச் சொன்னது. சிறு வகுப்பிலே விளையாட்டு கூடுதல். மேலே போகப்போக மேசை வேலை கூடும். திட்டம் நல்ல திட்டம். ஆனால் அதற்கு எதிரே ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது. அதன் முதல் வினாத்தாளிலே பிள்ளை தன் சொந்த வாக்கியம் ஒன்றும் எழுத வேண்டியதில்லை, விடையைத் தெரிந்து குறியிட்டாற் போதும். நாலாந் தரம் தொடங்கியதும் சதுரக் கொப்பி பைக்குள் போய்விடுகிறது. கடந்தகால வினாத்தாள் வெளியே வருகிறது.

பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கொழுந்துக் கறை பற்றிச் சொன்ன சிறுமியின் தகப்பன் ஒரு புதன்கிழமை பாடசாலைக்கு வந்திருந்தார். மேசனுக்கு உதவியாளாக வேலை செய்பவர், கையிலே சீமெந்து காய்ந்திருந்தது. கோபமாகப் பேசவில்லை.

“நாங்க பேசுற பேச்ச எழுதுறதுக்கா டீச்சர் புள்ளய அனுப்புறோம்? அது எங்களுக்கே தெரியுமே. எங்களுக்குத் தெரியாதத சொல்லிக் குடுங்க. லயம், கொழுந்துன்னு எழுதியே அவளும் அங்கயே கெடக்கணுமா?”

இந்தக் கேள்விக்கு முன்னே நான் இதுவரை பேசியதெல்லாம் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். இலவசக் கல்வி 1945இல் வந்தபோது அதன் வெளிச்சம் லயங்களுக்குள் போய்ச் சேரவில்லை. ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு என்று பாட்டனும் பாட்டியும் படித்த இடத்திலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவர அந்தத் தகப்பனுக்குத் தெரிந்த ஒரே கதவு புலமைப்பரிசில். அதைத் தட்டாதே என்று அவரிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆசிரியை அவரை உட்காரச் சொல்லி, மகளின் முதலாந் தவணைக் கொப்பியையும் புதிய கொப்பியையும் அருகருகே விரித்தார். முதற் கொப்பியிலே எங்கள் பசு, எங்கள் பாடசாலை, எங்கள் நாடு. ஒவ்வொன்றும் ஐந்து வாக்கியம், ஆறாவது கிடையாது. புதியதிலே விரற்கறையில் தொடங்கி ஒன்றரைப் பக்கம், பிழைகளோடு. அதன்கீழ் அவளே திருத்தி எழுதிய பிரதி. “இது ரெண்டும் அவளோட கைதான் அண்ணே. பரீட்சைக்கும் இந்தக் கைதான போகணும்?” என்றார்.

தகப்பன் இரண்டையும் பார்த்தார். வாசித்தாரோ தெரியாது, பார்த்தார். “பாஸ் பண்ணுவாளா?” என்று கேட்டார். “முயற்சி பண்ணுவம்” என்றார் ஆசிரியை. அவர் தலையசைத்துவிட்டு வேலைக்குப் போனார். அவர் சமாதானமானார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சிறுமி இப்போது நாலாந் தரத்திலே, தட்டிக்கு அப்பால், வினாத்தாள்களோடு இருக்கிறாள். மாலையில் ரியூஷனும் உண்டு.

மூன்றாந் தரத்துக்குப் புதிய பிள்ளைகள் வந்திருக்கின்றார்கள். பிஸ்கட் டின் துருப்பிடித்ததால் ஆசிரியை ஐஸ்கிரீம் பெட்டியொன்றுக்கு மாறியிருக்கின்றார். பிள்ளைகளின் எழுத்தைத் தொங்கவிடும் சுவர்ச் சஞ்சிகை மண்டபத்தின் வெளிச்சுவரிலே உள்ளது. மழைத் தூவானம் அடித்து மை கரைகிறதென்று மேலே பொலித்தீன் கட்டியிருக்கிறார்கள். தீபாவளி இதழுக்கு இதுவரை ஏழு பேர் எழுதிக் கொடுத்திருக்கின்றார்கள். அதிலே ஒன்று நாலாந் தரத்திலிருந்து, வினாத்தாளின் பின்பக்கத்திலே எழுதப்பட்டு வந்தது. மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை வரை அவகாசம்.